கை இல்லாத படம் செல்லாது

என் அப்பா மேசன். இந்த மூன்று சொல்லை எழுத இப்போது எனக்கு ஒரு நொடி போதும். வாயைத் திறந்து நாலு பேருக்கு முன்னால் சொல்வதற்கு நான் பட்ட பாடு இருக்கிறதே, அதைத்தான் இங்கே சொல்லப்போகிறேன்.

நான் படித்தது யாழ்ப்பாணத்தில் ஒரு தொழில்நுட்பக் கல்லூரியில், கட்டடத் துறை டிப்ளோமா. படம் கீறுவதில் என்னை மிஞ்ச எங்கள் வகுப்பில் ஆள் இல்லை. தற்பெருமை என்று யாரும் நினைத்தால் நினைத்துவிட்டுப் போகட்டும்; நான் கீறிய கோடு கோடாக இருக்கும், அவ்வளவுதான். ஆனால் பாடமெல்லாம் ஆங்கிலத்தில். பதின்மூன்று வருடம் தமிழில் படித்துவிட்டு வந்த முப்பது பேரும் புத்தகத்தை அப்படியே பாடமாக்கித்தான் கரை சேர்ந்தோம். எழுத்துப் பரீட்சை என்றால் எங்களை அசைக்க ஏலாது. நாங்கள் விழுவதெல்லாம் வாய்மொழிப் பரீட்சையில்தான்.

அதற்குக் கொழும்பிலிருந்து இரண்டு பேர் வருவார்கள். மூன்று மூன்று பேராக உள்ளே கூப்பிட்டு ஆங்கிலத்தில் கேள்வி கேட்பார்கள். மூன்று தடவைதான் ஒருவர் தோற்றலாம். மூன்றாம் தடவையும் கோட்டைவிட்டால் டிப்ளோமா கிடையாது. அதுவரை கீறிய படங்களை வீட்டுச் சுவரில் ஒட்டி அழகு பார்க்கவேண்டியதுதான்.

முதல் தடவை என்னைக் கேட்ட முதல் கேள்வியே, "உங்கள் அப்பா என்ன செய்கிறார்?" என்பது. பிள்ளைகளின் பயத்தைத் தெளிவிப்பதற்காக அன்பாகக் கேட்கிற கேள்வி. எனக்கு அதுதான் எமனாக வந்தது. கல்லூரி தொடங்கிய முதல் வாரத்தில் வகுப்பில் எல்லோரும் எழுந்து தங்களைப் பற்றிச் சொன்னார்கள். ஒருவரின் அப்பா ஆசிரியர், ஒருவரின் அப்பா கிராம அலுவலர், ஒருவரின் அப்பா வங்கியில். என் முறை வந்தபோது என் வாய் என்னைக் கேளாமலே "கொன்ராக்டர்" என்று சொல்லிவிட்டது. பரீட்சை அறையில் எனக்குப் பக்கத்தில் அதே வகுப்புப் பிள்ளைகள் இரண்டு பேர் இருந்தார்கள். கூலிக்குச் சுவர் கட்டுகிற மேசன் என்று சொல்ல மனம் வரவில்லை, கொன்ராக்டர் என்று சொல்லப் பயமாக இருந்தது. கேட்டவர் காத்திருந்து பார்த்துவிட்டு அடுத்த கேள்விக்குப் போனார். அதற்கும் என் வாய் திறக்கவில்லை. ஒருமுறை பூட்டிய வாய் பூட்டியதுதான்.

இரண்டாம் தடவை துணிந்து கொன்ராக்டர் என்றே சொன்னேன். கேட்டவருக்குச் சரியான சந்தோசம். அப்பாவிடம் எத்தனை பேர் வேலை செய்கிறார்கள், இப்போது எந்த இடத்தில் கட்டுகிறார்கள், எந்தக் கொங்கிரீட் கலவை பாவிக்கிறார்கள் என்று அடுக்கத் தொடங்கினார். பொய்யை ஆங்கிலத்தில் தொடர என்னிடம் சொல் இருக்கவில்லை. அந்த முறையும் பாதியிலேயே எழுந்து வந்தேன். வகுப்பில் வேறு ஒருவரும் அந்த இரண்டு தடவையும் தேறவில்லை.

வீட்டில் அப்பா, "அடுத்தமுறை பாப்பம், பிள்ளை. உதுக்கெல்லாம் மனம் விடப்படாது" என்றார். என்ன கேள்வியில் விழுந்தேன் என்று அவர் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.

அந்த நேரத்தில்தான் எங்களுக்கு ஆங்கிலம் படிப்பிக்கப் புது மிஸ் ஒருவர் வந்தார். ஐம்பது வயதிருக்கும். முதல்நாளே வகுப்புக்குள் வந்து எங்கள் எல்லோருடைய மடியையும் ஒரு பார்வை பார்த்தார்.

"மேசைக்குக் கீழை போன் வைச்சிருக்கிற ஆக்கள் எல்லாரும் மேசைக்கு மேலை வையுங்கோ. கீழை வைச்சால் பறிப்பன். மேலை வைச்சால் பாடம் துவங்கலாம்."

கொரோனாக் காலத்தில் வீட்டிலிருந்து படிப்பதற்கென்று வாங்கிய என் போனின் முகத்தில் மூன்று வெடிப்பு. ஆனாலும் மேலே வைத்தேன். மிஸ் அங்கேயே ஒரு வட்ஸ்அப் குறூப் தொடங்கி முப்பது பேரையும் உள்ளே போட்டார். சட்டம் இதுதான்: ஒரு நாளைக்கு ஒரு சொல். அன்றைக்குக் கண்ணால் கண்ட ஒரு பொருளைப் படமெடுத்து, அதன் ஆங்கிலப் பெயரையும் அதை வைத்து ஒரு வசனத்தையும் சொந்தக் குரலில் பேசி அனுப்பவேண்டும். எழுதி அனுப்பினால் கணக்கில்லை.

ஒரு கிழமை, முழுதாக ஏழு நாள், போயிற்று. குறூப்பில் மிஸ்ஸின் காலை வணக்கங்கள் மட்டும் ஒன்றின்கீழ் ஒன்றாகக் கிடந்தன. எங்களுக்குச் சோம்பல் என்று மட்டும் யாரும் சொல்லிவிடாதீர்கள். முப்பது பேரும் ரஃப் கொப்பியில் வசனம் எழுதி, வெட்டி, திரும்ப எழுதி, ரியூசன் ரீச்சரிடம் காட்டித் திருத்தி வைத்திருந்தோம். எங்கள் பக்கத்தில் எதற்கும் முதலில் ரஃப் கொப்பி, பிறகுதான் நல்ல கொப்பி. பிழையோடு ஒன்றை வெளியே விடுவது வீதிப்பக்கக் கொடியில் உள்ளாடை காயப்போடுகிற மாதிரி. ஆகவே வேறு யாராவது முதலில் அனுப்பட்டும், பார்த்துவிட்டு அனுப்பலாம் என்று ஒவ்வொருவரும் காத்திருந்தோம்.

கடைசியில் வகுப்பின் முதலாம் பிள்ளை எங்களைக் காப்பாற்றினான். நெல்லியடிப் பொடியன். மிஸ் இல்லாமல் இன்னொரு குறூப் தொடங்கி, ஒரே இருப்பில் முப்பது வசனம் எழுதி, ஆளுக்கு ஒன்றாகப் பகிர்ந்து தந்தான். படங்களையும் இணையத்தில் இறக்கித் தந்தான். அன்று பின்னேரமே முப்பது பேரும் அனுப்பிவிட்டோம். ஒரு பிழை இல்லை.

அடுத்த நாள் மிஸ் ஒரு சின்ன ஸ்பீக்கரோடு வந்து முப்பதையும் வரிசையாகப் போட்டுக் காட்டினார். முதல் குரல் சொன்னது: இது செங்கல், செங்கல் எமது நாட்டின் அபிவிருத்திக்கு மிகவும் பயனுள்ளது. இரண்டாவது: இது வாளி, வாளி எமது நாட்டின் அபிவிருத்திக்கு மிகவும் பயனுள்ளது. எட்டாவதாக ஒரு நாய் வந்தது. அதுவும் நாட்டின் அபிவிருத்திக்குப் பயன்பட்டது. பத்தாவதுக்குமேல் நாங்களே சிரிப்பை அடக்க முடியாமல் மேசையில் தலையை வைத்துவிட்டோம். மிஸ் சிரிக்கவில்லை. செங்கல் படத்தைப் பெரிதாக்கி எல்லோருக்கும் காட்டினார். செங்கல்லின்மேல் வெள்ளையாகப் பனி கொட்டியிருந்தது.

"யாழ்ப்பாணத்திலை எப்பவடா பனி கொட்டினது? எனக்குச் சொல்லாமல் கொட்டியிருக்கு."

அனுப்பியவன் நிலத்தைப் பார்த்தான்.

"சரி. இண்டையிலையிருந்து படத்துக்குள்ளை ஒரு கை இருக்கவேணும். உங்கடை கை, இல்லாட்டி உங்கடை வீட்டு ஆக்களின்ரை கை. கை இல்லாத படம் செல்லாது. பிழையாக் கதைச்சால் செல்லும்."

ஒரு கையை எங்கிருந்து இறக்குவது? இணையத்தில் கை எத்தனையோ கிடக்கும், ஆனால் எங்கள் கைகளை எங்களுக்குத் தெரியும். அன்றிலிருந்துதான் குறூப்புக்கு உயிர் வந்தது.

காங்கேசன்துறைப் பக்கத்திலிருந்து வருகிற என் கூட்டாளி தன் அம்மாவின் கையைப் போட்டாள். மீன் செதில் ஒட்டிய கை, வெயிலில் மின்னியது. செதிலுக்கு ஆங்கிலம் என்னவென்று அன்றைக்கு முப்பது பேருக்கும் தெரிந்தது, இன்றைக்கும் மறக்கவில்லை. இன்னொருத்தியின் அம்மா தையற்காரி. விரலில் மாட்டுகிற அந்தச் சின்னத் தொப்பிக்கு உள்ள ஆங்கிலப் பெயரைச் சொல்லி மிஸ்ஸிடமே பாராட்டு வாங்கினாள். ஒருவன் தன் கையால் மேசை லாச்சியை வெளியே இழுத்துத் திறந்து பிடித்தபடி, இது லாச்சி, லாச்சிக்குள் என் பேனை இருக்கிறது என்று முழு நம்பிக்கையோடு ஆங்கிலத்தில் சொன்னான். வீட்டில் எல்லோரும் சொல்கிற சொல், தமிழ் மாதிரியும் இல்லை, ஆகவே ஆங்கிலமாகத்தான் இருக்கும் என்று முடிவுகட்டியிருக்கிறான். அது ஒல்லாந்தர் விட்டுவிட்டுப் போனது என்று மிஸ் சொன்னபோது, இவ்வளவு காலமும் தனக்கு ஒல்லாந்த மொழியும் தெரிந்திருக்கிறது என்று அவன் காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டான்.

பிழைகளுக்குக் குறைவில்லை. ஆனால் வாய் திறந்தது. வகுப்பில் எழும்பச் சொன்னால் அடுத்தவர் முதுகுக்குப் பின்னால் ஒளிக்கிற பிள்ளைகள் போனோடு பேசினார்கள். பஸ்ஸில், தோட்டத்தில், கோயில் வீதியில் என்று எங்கெங்கோ நின்று பேசி அனுப்பினார்கள். குரலுக்குப் பின்னால் கோழியும் கேட்கும், பஸ்காரர் இடம் சொல்வதும் கேட்கும். நான் கிணற்றடியில் நின்று பேசினேன். யாருக்கும் கேட்கக்கூடாது என்று தண்ணீர் மோட்டரைப் போட்டுவிட்டுத்தான் தொடங்குவேன். நான் ஒரு வசனத்தை ஏழெட்டுத் தடவை பேசி அழிப்பதற்குள் தொட்டி நிரம்பி வழியும்.

"உன்ரை இங்கிலீசிலை வாழைக்கெல்லாம் தண்ணி போகுது! நிப்பாட்டு பிள்ளை!" என்று அம்மா குசினிக்குள்ளிருந்து கத்துவார்.

எல்லோரும் வீட்டார் கைகளைப் போட, நான் மட்டும் என் கையையே போட்டேன். என் கையில் சீப்பு, என் கையில் பஸ் ரிக்கற், என் கையில் பென்சில். நகத்துக்கு இளம் ரோஸ் நிறத்தில் பூச்சுப் பூசியிருந்தேன். "உன்ரை வீட்டிலை ஒருத்தருக்கும் கை இல்லையோ?" என்று கூட்டாளி பகிடி பண்ணினாள். நானும் சிரித்துச் சமாளித்தேன்.

பரீட்சைக்கு ஒரு மாதம் இருக்கும்போது மிஸ் எங்களைக் கட்டடச் சொற்களுக்கு மாற்றினார். எல்லோரும் புத்தகத்தைப் புரட்டினார்கள். எனக்குப் புத்தகம் எதற்கு? சாமான் எல்லாம் அப்பாவின் சைக்கிளில் கட்டியிருந்த சாக்குக்குள் கிடந்தது. ஒரு சனிக்கிழமை, மானிப்பாயில் அவர் மதில் கட்டிக்கொண்டிருந்த இடத்துக்குப் போனேன். அவர் வேலை செய்கிற இடத்துக்கு நான் போனது, பெரிய பிள்ளையானபிறகு அதுதான் முதல் தடவை.

என்னைக் கண்டதும் அப்பா பதறிப்போனார். "என்ன பிள்ளை, வீட்டிலை ஏதும் பிரச்சினையோ?"

"இல்லையப்பா. உங்கடை சாமானுகளைப் படமெடுக்கவேணும். படிப்புக்கு."

அவருடைய முகத்தைப் பார்த்திருக்கவேண்டும். கல்லூரியிலிருந்து அதிகாரிகள் பார்வையிட வந்த மாதிரி, வெறும் சீமெந்துப் பையைத் தட்டி விரித்து, ஒவ்வொரு சாமானையும் வாளித் தண்ணீரில் கழுவித் துடைத்து அதன்மேல் அடுக்கினார். சாந்து பூசுகிற சாந்தகப்பை, மட்டம் பார்க்கிற கண்ணாடிக் குழாய்ப் பலகை, சாந்து எடுக்கிற தாச்சி, தூக்குக்குண்டு. ஒவ்வொன்றையும் என் கையில் பிடித்துப் படமெடுத்தேன். சாந்தகப்பையை நான் பிடித்த விதத்தைப் பார்த்து அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"சோத்துக் கரண்டி பிடிக்கிற மாதிரிப் பிடிக்காதை. பெருவிரலை மேலை வை. ஆ, உப்பிடி."

கடைசியாகத் தூக்குக்குண்டு. அது சுவர் நேராக நிற்கிறதா என்று பார்க்கிற சாமான். ஒரு நூல். நூலின் மேல்முனையில் ஒரு மரக்கட்டை, கீழ்முனையில் இரும்புக் குண்டு. இரண்டும் ஒரே அகலம். கட்டையைச் சுவரின் உச்சியில் அழுத்திப் பிடித்து, குண்டைக் கீழே தொங்கவிடவேண்டும். குண்டு சுவரில் பட்டும் படாமல் நின்றால் சுவர் நேர். அப்பா கட்டையைச் சுவரில் வைத்துப் பிடித்தார். நான் பின்னால் தள்ளி நின்று போனைத் தூக்கினேன். வெடித்த கண்ணாடிக்குள் அவருடைய கை தெரிந்தது. சீமெந்து தின்ற விரல் நுனிகள், ஒரு நகம் கறுத்துப்போய், மணிக்கட்டுவரை சாந்து காய்ந்து வெள்ளையாக. ஆனால் நூல் ஒரு மயிரளவும் ஆடவில்லை.

நான் அழுத்துவதற்குள் அப்பா கையை எடுத்துவிட்டார்.

"நீ வந்து பிடி. நான் எடுக்கிறன்."

"ஏனப்பா?"

"என்ரை கை படத்திலை விழுந்தால் உன்ரை கூட்டாளியள் பாப்பினம் எல்லே. நீ கொன்ராக்டர் எண்டு சொல்லி வைச்சிருக்கிறாய்."

வாளியை இங்கே வை என்று சொல்கிற குரலில்தான் சொன்னார். கோபம் இல்லை. ஆர் சொன்னது என்று கேட்டேன்.

"ஒருத்தரும் சொல்லேல்லை. போன மாரியிலை உனக்குக் குடை கொண்டு பஸ் ஸ்ராண்டுக்கு வந்தனான். நீ பிள்ளையளோடை நிண்டனீ. 'உன்ரை அப்பா கொன்ராக்டர் எல்லே, மழைக்கு வாகனம் அனுப்பமாட்டாரோ' எண்டு ஒரு பிள்ளை கேட்டுது. நீ சிரிச்சுக்கொண்டு ஓம் எண்டனீ. நான் சைக்கிளைத் திருப்பிட்டன்."

எனக்கு அந்த நாள் நல்ல நினைவு. நான் தொப்பலாக நனைந்து வீட்டுக்கு வந்தேன். அப்பாவும் எனக்கு முன்னரே தொப்பலாக நனைந்து வந்திருந்தார். மடித்த குடை சைக்கிளில் கட்டியபடி கிடந்தது. "குடை இருக்க ஏன் நனைஞ்சு வந்தனீங்கள்?" என்று நான்தான் கேட்டேன். "சைக்கிளிலை குடை பிடிக்க ஏலுமோ" என்று சிரித்தார். நானும் சேர்ந்து சிரித்தேன்.

அந்த இடத்திலேயே அழுது மன்னிப்புக் கேட்டேன் என்று எழுத எனக்கும் ஆசைதான். கேட்கவில்லை. வாய் பூட்டிக்கொண்டது, பரீட்சை அறையில் பூட்டிய மாதிரியே. போய்க் கட்டையைப் பிடித்தேன். அப்பா சின்னவிரலை இடுப்பில் கட்டியிருந்த சாரத்தில் துடைத்து, போனை வாங்கி, ஒற்றைக் கண்ணை மூடிக்கொண்டு படமெடுத்தார்.

அன்று பின்னேரம் அதை அனுப்பினேன். மிஸ்ஸிடமிருந்து உடனே குரல் வந்தது. "நல்ல வசனம். படம் அதைவிட நல்லம். இவ்வளவு நேரா எடுத்தது ஆர்?" எங்கள் வகுப்பில் எல்லோருடைய படமும் ஒரு பக்கம் சரிந்துதான் இருக்கும். அந்தப் படத்தில் சுவர் விளிம்பும் போனின் விளிம்பும் ஒன்றாக நின்றன. வேலைத்தலத்தில் நின்ற ஒருவர் எடுத்தார் என்று பதில் போட்டேன். போட்டுவிட்டு என்மேல் எனக்கே எரிச்சல் எரிச்சலாக வந்தது. கன்னத்தில் ஒன்று போட ஆள் இல்லையே என்று இருந்தது.

அதன்பிறகு ஒவ்வொரு சனிக்கிழமையும் போனேன். அப்பா எதையும் மனதில் வைத்துக்கொள்ளவில்லை. ஏன் கல்லை ஒன்றின் நேர்மேலே ஒன்றாக வைக்காமல் தள்ளித் தள்ளி வைக்கிறார்கள், யன்னலுக்கு மேலே ஏன் கொங்கிரீட் வைக்கிறார்கள், காய்கிற சுவருக்கு ஏன் தண்ணீர் ஊற்றுகிறார்கள் என்று அவர் தமிழில் சொல்வார். நான் அதையே அவருக்கு முன்னால் ஆங்கிலத்தில் போனுக்குச் சொல்வேன். மோட்டர் தேவைப்படவில்லை. ஒரு சொல்லும் விளங்காமலே அவர் தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டிருப்பார். புத்தகத்தில் நான் பாடமாக்கி மறந்த சொற்கள் எல்லாம், அப்பாவின் சாமானைத் தொட்டபிறகு ஒட்டிக்கொண்டன.

பரீட்சை நாள் வந்தது. வாசலில் ஒரு மட்டைப்பெட்டி வைத்துப் போன்களை வாங்கிவிட்டார்கள். என் முறைக்கு உள்ளே போன மூன்று பேர்: நான், காங்கேசன்துறைக் கூட்டாளி, நெல்லியடிப் பொடியன். மேசைக்கு அந்தப் பக்கம் நரைத்த தலையோடு ஒரு ஐயாவும் கண்ணாடி போட்ட ஓர் அம்மையாரும். ஐயா என் தாளைப் பார்த்தார். மூன்றாம் தடவை என்று அதில் இருந்திருக்கும். முகத்தை இன்னும் கொஞ்சம் அன்பாக்கிக்கொண்டு கேட்டார்.

"உங்கள் அப்பா என்ன செய்கிறார்?"

மேலே காற்றாடி சுற்றுகிற சத்தம் கேட்டது. பக்கத்தில் கூட்டாளியின் மூச்சுக் கேட்டது. மடித்துக் கட்டிய குடையோடு மழைக்குள் சைக்கிளைத் திருப்பிக்கொண்டு போகிற ஒரு மனிதரின் முதுகு எனக்குத் தெரிந்தது. அன்றைக்கு நான் பார்க்காத முதுகு.

"என் அப்பா ஒரு மேசன், சேர்" என்று ஆங்கிலத்தில் சொன்னேன். தேவைக்கு அதிகமான சத்தத்தில் சொல்லிவிட்டேன் என்று நினைக்கிறேன். அம்மையார் நிமிர்ந்து பார்த்தார்.

ஐயாவின் முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. "அப்படியென்றால், இந்த அறைச் சுவர் நேராக இருக்கிறதா என்று உங்கள் அப்பா எப்படிப் பார்ப்பார்?" என்றார்.

வாய்மொழிப் பரீட்சையில் கதிரையை விட்டு எழும்பக்கூடாது என்று எங்களுக்குச் சொல்லியிருந்தார்கள். நான் எழும்பிவிட்டேன். நேரே சுவரடிக்குப் போய், இல்லாத மரக்கட்டையைக் கையில் எடுத்துச் சுவரில் அழுத்தினேன். இல்லாத குண்டைக் கீழே இறக்கினேன். கட்டை ஏன் குண்டின் அகலம், நூல் ஆட்டம் நிற்கும்வரை ஏன் மூச்சுப் பிடித்து நிற்கவேண்டும், குண்டு சுவரில் சாய்ந்தால் என்ன, தள்ளி நின்றால் என்ன, எல்லாம் சொன்னேன். இலக்கணம் பல இடத்தில் நொண்டியது, இறந்தகாலமும் நிகழ்காலமும் கட்டிப்பிடித்துக்கொண்டு விழுந்தன. ஆனால் சொல் வந்தது. கேட்கக் கேட்க வந்தது. ஒரு மாதமாகத் தொட்டுத் தொட்டுச் சேர்த்த சொல் ஒவ்வொன்றும் கூப்பிட்டவுடன் ஓடி வந்தது. அம்மையார் கல் அடுக்குவதைப் பற்றிக் கேட்டார், யன்னல் உச்சியைப் பற்றிக் கேட்டார். நான் விடவில்லை. கடைசியில் ஐயா, "சரி, இந்தச் சுவர் நேரா, இல்லையா?" என்றார். நான் ஒற்றைக் கண்ணை மூடிப் பார்த்தேன். கொஞ்சம் வெளியே சாய்கிற மாதிரித் தெரிகிறது, நூல் பிடிக்காமல் உறுதியாகச் சொல்லமாட்டேன் என்றேன். இரண்டு பேரும் சிரித்துவிட்டார்கள்.

முடிவு இரண்டு கிழமை கழித்துத்தான் வந்தது. பாஸ். ஆனால் அன்றைக்கு எனக்கு அதைப் பற்றிய நினைப்பே இல்லை. வெளியே வந்து மட்டைப்பெட்டியில் போனைத் தேடும்போது நெல்லியடிப் பொடியன் பக்கத்தில் வந்து நின்றான்.

"எனக்கு முதலே தெரியும். எங்கடை சின்னம்மாவின்ரை வீட்டு மதில் உன்ரை அப்பா கட்டினதுதான். நீயாச் சொல்லட்டும் எண்டு இருந்தனான்."

"எனக்கும் தெரியும்" என்றாள் கூட்டாளி.

அப்படியென்றால் வகுப்பு முழுவதற்கும் தெரிந்திருக்கும். எவ்வளவு பெரிய மடைச்சி நான்! யாழ்ப்பாணத்தில் ஒரு மேசனை எங்கே ஒளிப்பது? அவர் கட்டிய மதில் ஒழுங்கைக்கு ஒழுங்கை, வீதிக்கு வீதி நிற்கிறது. இத்தனை நாளும் ஒருவரும் என் முகத்துக்கு நேரே கேட்டு என்னை வெட்கப்படுத்தவில்லை. என் வகுப்பை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு நெஞ்சு நிமிரும்.

பஸ் எடுத்து நேரே மானிப்பாய்க்குப் போனேன். அப்பா மதிலின் உச்சியில் சாந்து பூசிக்கொண்டிருந்தார். கீழே அவரோடு வேலை செய்கிற, அவர் வயதுக்காரர் ஒருவர் சாந்து குழைத்துக்கொண்டிருந்தார்.

"என்ன பிள்ளை, என்ன கேட்டவை?"

"அப்பா என்ன செய்யிறார் எண்டு கேட்டவை."

பூசுகிற கை ஒரு கணம் நின்றது. பிறகு பூசியது. நீ என்ன சொன்னாய் என்று அவர் கேட்கவில்லை.

"இறங்கி வாங்கோ அப்பா. இண்டையான் படம் இன்னும் அனுப்பேல்லை."

இறங்கி வந்தவர் சாக்கிலிருந்து தூக்குக்குண்டை எடுத்து என்னிடம் நீட்டினார். நான் வாங்கவில்லை.

"நீங்கள் பிடியுங்கோ."

அப்பா என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு வாளிப் பக்கம் போனார்.

"கழுவாதேங்கோ. உப்பிடியே பிடியுங்கோ."

கட்டையைச் சுவரில் வைத்துப் பிடித்தார். சாந்து காயாத கை. கறுத்த நகம். ஆடாத நூல். எடுத்தேன். அவருக்கு முன்னாலேயே நின்று ஆங்கிலத்தில் பேசினேன், ஒரே தடவையில், அழிக்காமல்: இது என் அப்பாவின் கை, அவர் ஒரு மேசன், இந்த மதிலைக் கட்டியவர் அவர். பழைய தூக்குக்குண்டுப் படத்தை எடுத்தவரும் அவர்தான் என்று கடைசியில் சேர்த்துக்கொண்டேன். அனுப்பினேன்.

கொஞ்ச நேரத்தில் மிஸ்ஸின் குரல் வந்தது. ஆங்கிலத்தில் இல்லை, தமிழில்.

"கை இருக்கு. படம் செல்லும்."

"ஆர் அது? என்னவாம்?" என்றார் அப்பா. சொன்னேன். பிறகு அவர் மெதுவாகக் கேட்டார். "நீ அதிலை என்ன சொன்னனீ? ஒருக்கால் போடு பாப்பம்."

அவருடைய கை முழுவதும் சாந்து. போனை நானே அவர் காதடியில் பிடித்தேன். தலையைச் சரித்து, கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். முடிந்தது. கண்ணைத் திறந்தார்.

"நடுவிலை மேசன் எண்டு வந்தது?"

"ஓம்."

"பரீட்சையிலையும் உப்பிடித்தான் சொன்னனியோ?"

"ஓமப்பா. எல்லாருக்கும் கேக்கச் சொன்னனான்."

அவர் தூக்குக்குண்டின் நூலைக் கட்டையில் சுற்றத் தொடங்கினார். பாதியில் நிறுத்தி, சாந்து குழைக்கிறவரைப் பார்த்துச் சத்தமாகச் சொன்னார்.

"கேட்டியோடாப்பா? இங்கிலீசிலையும் மேசன்தானாம்!"

பிறகு என் பக்கம் திரும்பி, "இன்னொருக்காப் போடு" என்றார்.

போட்டேன். அன்று ஐந்து தடவை போட்டேன். ஒவ்வொரு தடவையும் அந்த ஒரு சொல் வருகிற இடத்தில் அப்பா தலையை ஆட்டினார்.